காய்ந்த நீலப்பை

மார்ச் 3

அன்புள்ள டீச்சருக்கு,

இருவரும் நலம்தானே? என்னைத் திட்டவாவது பேனாவை எடுக்கக் கூடாதா?

நம் குட்டிக்கு இதோடு ஒரு நீலப்பை வைத்திருக்கிறேன். கடலில் மிதந்து வருவது. பார்க்க ஒரே உயிர், உண்மையில் ஒரு கூட்டம். ஒன்று மிதக்கும், ஒன்று கொட்டி இரை பிடிக்கும், ஒன்று தின்று எல்லோருக்கும் கொடுக்கும். பிரித்தால் எதுவும் பிழைக்காது. இது செத்துக் காய்ந்து இரண்டு மாதமாகிறது, பயப்படாதே.

மகளைப் பார்த்து மூன்று வருஷமாச்சு. இந்த விடுமுறைக்காவது பத்து நாள் அனுப்பு.

உன்,
கடல்காரன்

மார்ச் 14

கடல்காரருக்கு,

நலம் இல்லை. மறுபடி மிதக்குமா பார்க்கலாம் என்று குட்டி அதைக் கிண்ணத் தண்ணீரில் போட்டுக் கையால் அளைந்திருக்கிறாள். மணிக்கட்டு வரை சவுக்கால் அடித்த மாதிரி தடிப்பு. இரண்டு நாள் காய்ச்சல். துடிக்கிற துடிப்பிலும், "அப்பா அனுப்பினது கொட்டுமாம்மா?" என்றுதான் கேட்டாள்.

கூட்டமாம், ஆளுக்கொரு வேலையாம்! இந்த வீட்டில் மிதப்பதும் நான், ஊட்டுவதும் நான். மிச்சமிருக்கும் வேலை எது, யாருடையது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன், தெரியுமா? அவள் பெட்டிகூடக் கட்டிவிட்டாள். காய்ந்தாலும் அது கொட்டும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுதுங்கள். அனுப்புவதா என்று அப்புறம் சொல்கிறேன்.

டீச்சர்

மார்ச் 22

அன்புள்ள டீச்சருக்கு,

தெரியும்.

செத்துக் காய்ந்தாலும் விஷம் உள்ளேயே இருக்கும், ஈரம் பட்டால் போதும். அதனால்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் காய்ந்தவை எல்லாவற்றிலும் எச்சரிக்கை எழுதிய சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். இதிலும் இருந்தது. அதைப் பார்த்தால் நீ குட்டி கையில் கொடுக்கமாட்டாய் என்று நான்தான் பிய்த்தெடுத்தேன். தண்ணீரில் போடுவாள் என்று தோன்றவே இல்லை.

மறைக்க மனம் வரவில்லை. அந்தச் சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. குட்டியின் பெட்டியை மட்டும் பிரிக்கச் சொல்லாதே.

உன்,
கடல்காரன்

ஏப்ரல் 2

கடல்காரருக்கு,

தெரியாது என்று எழுதியிருந்தால் நம்பி அனுப்பியிருப்பேன்.

கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. உங்கள் கடிதத்தை நான் ஒளித்து வைப்பதற்குள் குட்டி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். பெட்டியிலிருந்த துணிகளைத் தானே எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நான் சொல்லவில்லை, சத்தியமாக.

பிறகு, உங்கள் கடிதங்களை வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்து, அதன் மூடியில் அந்தச் சிவப்புச் சீட்டை ஒட்டினாள். அதில் எழுதியிருப்பது: "காய்ந்தது. நனைத்தால் கொட்டும்."

நான் அதைப் பிய்க்கவில்லை. இனி எழுத வேண்டாம்.

குட்டியின் அம்மா