தொட்டித் தண்ணீரில் தாளம் தட்டியது குறித்து

அனுப்புநர்:
கிளை நூலகர்,
பொது நூலகம், பேருந்து நிலையம் பின்புறம்.

பெறுநர்:
மாவட்டக் காவல்துறைத் தலைமை அதிகாரி அவர்கள்.

பொருள்: நூலகத்தின் சனிக்கிழமை வகுப்பு – வதந்தி – கூட்டமாக வந்து தாக்கியமை – ஆசிரியையின் உயிருக்கு ஆபத்து – காவல் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: உள்ளூர்க் காவல் நிலையத்தில் கடந்த ஞாயிறன்று நான் அளித்த புகார் (ரசீது தரப்படவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்த நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இதுவரை மேலிடத்துக்கு நான் எழுதிய மனுக்கள் இரண்டே. ஒன்று கூரை ஒழுகுவது பற்றியது, மற்றொன்று அதே கூரை மீண்டும் ஒழுகுவது பற்றியது. மனு எழுதிப் பழக்கமில்லாதவள் என்பதால் எங்கேனும் முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். இரண்டு இடங்களில் அடித்தல் திருத்தல் நேர்ந்துள்ளது. அதற்கும் மன்னிக்கவும்.

2. வனவியல் கல்லூரியில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் எங்கள் வாசகர். மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வாழும் பாக்கா என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். இங்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, நம் மொழியை நன்றாகவே பேசுகிறார். இரண்டு மாதங்களுக்கு முன் சிறுவர் பகுதியிலிருந்து ஒரு பழைய கலைக்களஞ்சியத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அதில் அவருடைய மக்களின் புகைப்படம் ஒன்று இருந்தது. அதன் கீழே "காட்டுமிராண்டிகள்" என்று அச்சாகியிருந்தது. அவர் கோபப்படவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் செருக அனுமதி கேட்டார், அவ்வளவுதான். நூலகப் புத்தகத்தில் தாள் செருக விதியில் இடமில்லை, வேண்டுமானால் வாரத்தில் இரண்டு மணி நேரம் தருகிறேன் என்றேன். ஆகவே, ஐயா, இந்த வகுப்பைத் தொடங்கியது நான்தான். அவர் அல்ல.

3. "ஆப்பிரிக்கப் பழங்குடி மக்களின் வாழ்வும் சமூகமும்" என்ற தலைப்பில் சனிக்கிழமைதோறும் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை வகுப்பு நடந்தது. ஒன்பது பிள்ளைகளும் சில பெரியவர்களும் வந்தார்கள். முதல் வாரம், வானளாவிய மரத்தில் புகை மூட்டிக்கொண்டு ஏறித் தேன் எடுக்கும் விதத்தைச் சொன்னார். அன்று முதல் பிள்ளைகளுக்கு அவர் "தேனக்கா". இரண்டாம் வாரம், வளைத்த குச்சிகளாலும் அகன்ற இலைகளாலும் மொங்குலு என்னும் குடிலைக் கொல்லையில் கட்டிக் காட்டினார். அவர்கள் வழக்கப்படி வீடு கட்டுவது பெண்களின் வேலை. எனவே ஆண்களுக்கு இலை எடுத்துக் கொடுக்கும் பணி மட்டும் ஒதுக்கப்பட்டது. எதிர்க்கடைத் தையற்காரர் அதைச் சிரத்தையாகச் செய்தார்.

இதே தையற்காரர் முதல் நாளன்று, "உங்க ஆளுங்க எல்லாம் ரொம்பக் குள்ளமாமே, நெசமா?" என்று கேட்டவர். தேனக்கா அவரருகில் போய் நின்று, "நான் உங்களவிட ரெண்டு விரல் உயரம். உங்க ஆளுங்க எல்லாம் இவ்ளோதானா?" என்றார். வகுப்பே சிரித்தது, தையற்காரர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அதன்பின் ஒரு வாரமும் அவர் தவறியதில்லை.

4. அவர்களிடையே தலைவர் என்று ஒருவர் பரம்பரையாகக் கிடையாது, உட்கார்ந்து பேசித்தான் எதையும் முடிவு செய்வார்கள் என்று அறிந்தோம். ஆட்டுவிப்பவர் இல்லாமல் ஒரு சமூகம் எப்படி நடக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. என் அலுவலகத்தை எண்ணிப் பார்த்ததில் ஓரளவு விளங்கியது. தேனக்கா, தேன் எடுக்கச் சென்ற தன் அண்ணனை, அந்த இடம் இப்போது சரணாலயம் என்று சொல்லிக் காட்டுக் காவலர்கள் அடித்துக் கை முறித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். அந்த வரியைத் தாங்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். காக்கிச் சட்டையைக் கண்டால் அவருக்கு ஏன் நா எழுவதில்லை என்பதற்கும், இம்மனுவை அவருக்காக நான் எழுதுவதற்கும் அதுவே காரணம்.

5. ஐந்தாம் வாரம் தண்ணீர்த் தாளம். அவருடைய மக்களில் பெண்களும் சிறுமிகளும் ஆற்றில் இறங்கி நின்று, குவித்த கைகளால் தண்ணீரை அறைந்து தாளம் எழுப்புவார்கள். எங்களிடம் ஆறு இல்லை. கொல்லையில் செடிகளுக்கு நீர் பிடித்து வைக்கும் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. பிள்ளைகளின் முழங்கால் அளவுதான் தண்ணீர். முதலில் சளசளவென்று இருந்த சத்தம் அரை மணியில் முரசு போலக் கேட்டது. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். முப்பது விநாடிக் காட்சி. பிள்ளைகளின் சிரிப்புச் சத்தத்தை நீக்கிவிட்டு ஓர் ஆண்குரலைச் சேர்த்திருக்கிறார்கள். அக்குரல் கூறுவது: "பாருங்க, புள்ளைங்கள தண்ணியில நிக்க வெச்சு ஏதோ மந்திரம் பண்றா. நரபலிக்கு முன்னாடி இப்படித்தான் பண்ணுவாங்களாம். உங்க புள்ளைங்க பத்திரம். எல்லாருக்கும் அனுப்புங்க." நான் நிற்கும் பகுதி அதில் இல்லை. வெட்டப்பட்டுள்ளது.

6. அந்த வாரம் முழுவதும் நடந்தவற்றைத் தனித்தனியே சொன்னால் அற்பமாகத் தோன்றும். டீக்கடையில் தேனக்காவுக்குத் தனித் தம்ளர் வந்தது. நூலகச் சுவரில் கரியால் மண்டையோடு வரைந்தார்கள். நாளிதழ் படிக்க வரும் முதியவர்கள் வரவில்லை. வியாழனன்று நூலகத் தொலைபேசியில் ஒருவர், "சனிக்கிழமை நடத்திப் பாரு" என்று மட்டும் கூறி வைத்துவிட்டார். சனிக்கிழமை நடத்தினேன். அது தைரியத்தால் அல்ல. நிறுத்தினால் வதந்தி உண்மையாகிவிடுமே என்ற பயத்தால்.

7. ஐயா, அன்று நடந்தது இதுதான். அன்று உள்ளே ஒன்பது பிள்ளைகள் இருக்க வேண்டும், எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். பெரியவர்களில் தையற்காரர் மட்டும் வந்திருந்தார். எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனின் எட்டு வயது மகள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணினோம். ஆனால் அவள் நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறாள். மூன்றரைக்கு அவளுடைய தாய் போன் செய்து, இன்னும் வரவில்லை என்று நான் சொன்னதும் அலறினார். நான்கு மணி பத்து நிமிடத்துக்குத் தெரு நிறைந்துவிட்டது.

இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினேன். முதல் கல் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது கல் ஏழு வயதுப் பையனின் நெற்றியைக் கிழித்தது. பிள்ளைகளை நாளிதழ் மேசைக்கு அடியில் தள்ளினோம். "அவள வெளிய அனுப்பு" என்ற குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் நூலக அட்டை வைத்திருப்பவர்கள். அவர்கள் முகங்கள் எனக்குத் தெரியும், எந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்பதுகூடத் தெரியும். அன்று ஒரு முகமும் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை.

8. இந்தப் பத்தியை எழுதாமல் விடலாம் என்றே முதலில் நினைத்தேன். உண்மையை முழுமையாகச் சொல்லாதவளுக்குக் காவல் கேட்கும் உரிமை இல்லை என்பதால் எழுதுகிறேன். அந்தக் கூச்சலின் நடுவே நான் கொல்லைப்பக்க ஜன்னலுக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்பதை எழுதக் கூசுகிறது. ஐந்து வாரம் அவரோடு சிரித்து, அவர் கட்டிய குடிலுக்குள் உட்கார்ந்து எழுந்தவள் நான். என்னையே அந்தக் காட்சியின் குரல் எட்டிப் பார்க்க வைத்தது என்றால், வெளியே நின்றவர்களை அது என்ன செய்யாது?

இம்மனுவை அவரிடம் படித்துக் காட்டியபோது இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். தாளை வாங்கி அவரே படித்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நானும் பாத்தேன் அக்கா," என்றார். "கொழந்த தெரியாம விழுந்திருக்குமோன்னு இல்ல. நான்தான் ஏதாவது பண்ணிட்டேனோன்னு."

9. அன்று, கூச்சலின் நடுவே தேனக்கா எழுந்து கதவருகே வந்தார். "நான் வெளிய போயிடறேன். என்னத்தான கேக்கறாங்க. புள்ளைங்க பயந்து சாகுது," என்றார். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. சாவி என் கையில்தான் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. தையற்காரர்தான் கதவின் குறுக்கே போய் உட்கார்ந்தார். "நீ போனா நானும் கூட வரணும் தாயி. எனக்கு அந்தத் தெம்பு இல்ல. பேசாம உக்காரு," என்றார். அவர் உட்கார்ந்த இடத்தில் தரை ஈரமாகியிருந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு பயத்திலும் அவர் நகரவில்லை.

10. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சிறுமி தானே நடந்து வந்தாள். வகுப்புத் தோழி வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று பார்க்கப் போயிருக்கிறாள். கூட்டத்தைக் கண்டு, என்ன விசேஷம் என்று விசாரித்திருக்கிறாள். தந்தை அவளை ஓங்கி அறைந்துவிட்டு, நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார். கூட்டம் கலைந்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் கதவருகே குனிந்து, "இன்னிக்குத் தப்பிச்சிட்ட," என்று சொல்லிவிட்டுப் போனார்.

11. ஞாயிறன்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். பணியில் இருந்தவர், "எதுக்கும்மா வம்பு? கிளாஸ நிறுத்திடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்," என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். திங்களன்று தேனக்கா வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் அவருடைய பெட்டியையும் புத்தகங்களையும் தெருவில் வைத்துவிட்டார். அன்று முதல் அவர் என் வீட்டில் இருக்கிறார். செருப்பைக் கழற்றாமல் படுக்கிறார். செவ்வாயும் புதனும் எண் பலகை இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் வாசலில் நின்று, எஞ்சினை அணைக்காமலே இருந்துவிட்டுப் போயிற்று. யாரும் இறங்கவில்லை. ஏதாவது பேசினால்கூடத் தேவலை என்றிருந்தது. "பொது அமைதி கருதி" வகுப்பை மறுபரிசீலனை செய்யுமாறு என் தலைமை அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்துள்ளது. கல் எறிந்தவர்களை மறுபரிசீலனை செய்யுமாறு யாருக்கும் கடிதம் போனதாகத் தெரியவில்லை.

12. நேற்று எலெக்ட்ரீஷியன் மகளோடு வந்தார். உடைந்த ஜன்னலுக்கு அருகில் அறுந்திருந்த மின்கம்பியைக் கேட்காமலே சரிசெய்தார். போகும்போது, "நடந்தத நான் சாட்சி சொல்றேன். ஆனா பேரு மட்டும் வேணாம்மா, கடைக்குக் கல்லு வரும்," என்றார். இம்மனுவில் எவர் பெயரும் இல்லாததன் காரணம் இதுவே. நேரில் தாங்கள் கேட்டால் அனைத்தையும் சொல்வேன்.

13. எனவே கீழ்க்கண்டவற்றைப் பணிந்து கேட்கிறேன். அந்தக் காட்சியைப் பிடித்து, குரல் சேர்த்துப் பரப்பியவர் யார் என்று விசாரிக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் தேனக்காவால் ஒரு தீங்கும் நேரவில்லை என்று காவல்துறை தன் பெயரில் ஊரறியச் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் எடுபடாது. சனிக்கிழமைகளில் மூன்று முதல் ஐந்து வரை ஒரே ஒரு காவலர் வாசலில் நிற்க வேண்டும். முடிந்தால் சீருடை இல்லாமல். பெண் காவலராக இருந்தால் மேலும் நல்லது.

14. நாளை மறுநாள் சனிக்கிழமை. தேனக்காவிடம், வர வேண்டாம் என்றேன். வருகிறேன் என்கிறார். ஆறு தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் என்னை நம்பி அனுப்புகிறார்கள். சென்ற வாரம் சாவியோடு நான் நின்ற நிலையைத் தாங்கள் அறிந்துவிட்டீர்கள். அவர்கள் அறியமாட்டார்கள். காவல் அனுப்ப இயலாது என்றால், அதையாவது எழுத்தில் தந்தருளுங்கள். பிள்ளையை என்னிடம் விட்டுச் செல்லும் முன் அந்தத் தாளை ஒவ்வொரு தாயிடமும் நான் காட்டியாக வேண்டும்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,

இடம்: பொது நூலகம்
நாள்: வியாழக்கிழமை, பிற்பகல்

(ஒப்பம்)
கிளை நூலகர்

குறிப்பு: இதைக் கொண்டு வருபவர் என் கணவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், காது சற்று மந்தம். அன்புகூர்ந்து அவரை வெகுநேரம் காக்க வைக்க வேண்டாம். அவர் திரும்பி வரும்வரை நானும் தேனக்காவும் உள்ளே பூட்டிக்கொண்டு இருப்போம்.