நாலரை நட்சத்திரமும் மதினியின் வாசல் மார்க்கும்

மதினி,

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டுத் தொலைத்தார்கள். நான் பார்க்கவில்லை. விருதுநகரில் என் செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு மேல் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்தால், சினிமாவுக்கு மார்க் போடுகிற அந்த ஆப். ‘உங்கள் விமர்சனம் ஒருவருக்குப் பிடித்திருக்கிறது.’ கீழே வைப்பதற்குள் இன்னொருவருக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேலும் மூன்று பேருக்கு.

போன பொங்கலுக்கு, நாரணாபுரம் டவுன் பஸ்ஸில், உங்களுக்கும் அண்ணனுக்கும் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதிய விமர்சனம் அது. நாலரை நட்சத்திரம். ‘படம் சுமார்தான். ஆனால் பட்டாசுக் கம்பெனி வெடிக்கிற சீன் சும்மா தெறி. அந்த ஒரு சீனுக்காகவே தியேட்டரில் பாருங்கள்.’ டிவியில் அந்தச் சீன் வந்திருக்கும். பார்த்தவர்கள் போனை எடுத்து, ஆமாம் தெறிதான் என்று என் வரிக்கு ஒரு கட்டைவிரலைத் தட்டியிருக்கிறார்கள். போனைத் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. எழுதினவன் நான். போன் என்ன செய்யும்?

உங்களுக்கு இந்த நட்சத்திரமெல்லாம் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் சிவகாசியில் மேட்னி போவோம். அண்ணன் பேர் போடும்போதே தூங்கிவிடுவான். நீங்களும் நானும்தான் படம் பார்ப்போம். எந்தத் தியேட்டராக இருந்தாலும் உங்களுக்குப் பக்கவாட்டு வாசலை ஒட்டிய ஓரச் சீட்டு வேண்டும். நடுவில் நல்ல சீட்டு காலியாகக் கிடந்தாலும் போக மாட்டீர்கள்.

“மதினி, படம் பாக்க வந்தீகளா, வாசலப் பாக்க வந்தீகளா?” என்று நான் கிண்டல் செய்தபோதுதான் சொன்னீர்கள். பதினான்கு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. முதல் நாளே போர்மேன் சொல்லித் தந்த பாடம், வாசலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். உங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு சாக்குகூடக் கிடக்கக் கூடாது. செருப்பு வெளியே, கால் வெறுங்கால், கண் வாசலில். அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான் உட்காருவீர்கள். என் கல்யாணத்தில்கூட மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பெண் வீட்டுக்காரர்கள் உங்களுக்கு ஏதோ கோபம் என்று நினைத்து இரண்டு முறை வந்து சாப்பிட அழைத்தார்கள்.

அதிலிருந்துதான் உங்கள் மார்க்கு வந்தது. படம் ஓடும்போது எத்தனை தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தீர்களோ, அதுதான் அந்தப் படத்துக்கு மார்க்கு. விரலை மடக்கி எண்ணுவீர்கள். குறைய வந்தால் நல்ல படம். பத்தைத் தாண்டினால் குப்பை. வெளியே வந்ததும் நான் கேட்பேன், “எத்தன வாசல் மதினி?” ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிய ஒரு படத்துக்கு, “பதினேளு தம்பி. பாட்டு வந்தாலே கண்ணு அங்கனதான் போகுது” என்றீர்கள். யாருமே பார்க்காத ஒரு சின்னக் காமெடிப் படத்துக்கு வெளியே வந்து நின்று, கையை விரித்துக் காட்டினீர்கள். ஒரு விரலும் மடங்கவில்லை. “ஒரு தடவகூடப் பாக்கல. வாசலு இருக்கதே மறந்து போச்சு!” என்று அண்ணனை உலுக்கி உலுக்கிச் சொன்னீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் அதைக் கேலியாகவே எடுத்துக்கொண்டேன். கடையில் கவர் வாங்க வருகிறவர்களிடம், எங்கள் மதினி வாசல் மார்க்கு போடுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பேன். ஆப்பில் நான் போடுகிற நட்சத்திரத்தை நாலு பேர் படிக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. சினிமா பற்றித் தெரிந்தவன் நான், நீங்கள் வாசலைப் பார்க்கிறவர்கள்.

பொங்கல் படத்துக்கு வருகிறேன். அதில் வில்லனுடைய பட்டாசுக் கம்பெனி. கதாநாயகி உள்ளே மாட்டிக்கொள்கிறாள். வாசலை மறித்துப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது. கதாநாயகன் பூட்ஸ் காலோடு பெட்டிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறான். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வருகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ரூம் ரூமாக வெடிக்கிறது. தியேட்டரில் காது கிழிகிற விசில். பேப்பரைக் கிழித்துப் பறக்கவிடுகிறார்கள். நான் விசிலடித்தேன் மதினி. சிவகாசியில், பட்டாசுக் கம்பெனி வெடிப்பதைப் பார்த்து, சரம் பின்னுகிற அண்ணன் பொண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு விரலை நாக்குக்கு அடியில் கொடுத்து விசிலடித்தேன்.

திரும்பினால் உங்கள் சீட்டு காலி. நீங்கள் பக்கவாட்டு வாசலில் தொங்கும் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். படம் முடியும்வரை திரும்பி வரவில்லை.

பஸ்ஸில் நான் வழக்கம்போலக் கேட்டேன், எத்தனை வாசல் என்று.

“எண்ணல” என்றீர்கள்.

அதற்குமேல் கேட்க எனக்கு நேரமில்லை. நாலரை நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

“வெடிமருந்து ரூமுக்குள்ள எவனாச்சும் பூட்ஸு போட்டு வருவானா? ஒரு உரசல் போதாதா?”

“ஹீரோ மதினி. வருவான்.”

“அவனுக்குப் பின்னால வெடிச்சுச்சே, அந்த ரூமுல இருந்தவக எல்லாம் எங்கன போனாக? ஒருத்தியயும் காட்டலயே.”

அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். எல்லாரும் சொல்கிற வாக்கியம், ஆப்பில் தினம் நூறு பேர் எழுதுகிற வாக்கியம். “படத்தப் படமா பாருங்க மதினி.”

நீங்கள் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னீர்கள். “அந்தப் பெட்டி அடுக்குனது மட்டும் நெசம் தம்பி. போன சீசன்ல எங்க ரூம் வாசல்லயும் அப்படித்தான் அடுக்குனாக. இந்த வருசமும் அடுக்குவாக. நீ எளுதுறத அம்புட்டுப் பேரு படிக்காகளே. இத ஒரு வரி எளுதேன். படத்துல வாசல மறிச்சு வெச்ச மாரி இங்கனயும் வெக்காக, அது தப்புன்னு.”

நான் சிரித்தேன். “சினிமா விமர்சனத்துல போயி இத எழுதுனா எவன் படிப்பான்?”

ஆடி மாதம் வீட்டுக்கு வந்தபோது மறுபடியும் கேட்டீர்கள். குழம்பை ஊற்றிக்கொண்டே, “பெட்டிய வெச்சுட்டாக தம்பி. எம் பக்கத்து வாசல்ல தலை மட்டத்துக்கு நிக்குது. கேட்டா, சாயங்காலம் லோடு வண்டி வந்துரும், எடுத்துருவோம்னு போர்மேன் சொல்லுதாரு. அந்தச் சாயங்காலம் வரவே மாட்டேங்குது” என்றீர்கள். எந்தப் போர்மேன்? சாக்குகூடக் கிடக்கக் கூடாது என்று பாடம் சொல்லித் தந்த அதே ஆள். ஆர்டர் வந்து குவிந்ததும் அவருக்குப் பாடம் மறந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. “நீங்க வேற வாசல் பக்கம் மாறி உக்காருங்க மதினி” என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கறி கேட்டேன்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் போன் செய்தான். “கம்பெனி வெடிச்சிருச்சுலே” என்று மட்டும் சொன்னான். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்களோடு சரம் பின்னிய அக்கா எதிர்ப்பக்க வாசல் வழியாக ஓடித் தப்பியிருந்தார். இரண்டு கையிலும் கட்டு. அண்ணனைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னார், “அவதான் மொதல்ல எந்திரிச்சா. எங்க எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு ஓடுனா. அவ பக்கத்து வாசல்லதான் பெட்டி நின்னுச்சு.” பிறகு சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் விசாரணை நடந்தது. கம்பெனிக்காரர்கள், எல்லா வாசலும் திறந்தே இருந்தது என்று சொன்னார்கள். அது உண்மைதான். கதவு திறந்துதான் இருந்தது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதை அவர்கள் சொல்லவில்லை.

காரியம் முடிந்து கடையைத் திறந்த முதல் நாள். வழக்கமாக வருகிற ஒரு ஆள், பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவர், ஸ்கிரீன் கார்டு ஒட்ட வந்தார். ஒட்டுவதற்கு முன்னால் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். தூரத்திலிருந்து யாரோ எடுத்தது. கருவேல மரத்துக்கு மேலே புகை எழும்புகிறது. அதற்கு அந்தப் படத்தில் கதாநாயகன் நடந்து வரும்போது வருகிற இசையைப் போட்டிருந்தார்கள். கீழே ஆளாளுக்கு மார்க்.

“பாத்தீகளாண்ணே? படத்த விட இது செமயா இருக்குல்ல? பத்துக்குப் பத்து போட்டுருக்கான் பாருங்க” என்று சிரித்தார். பிறகு, “அந்தப் படத்துக்கே நான் உங்க விமர்சனத்தப் பாத்துட்டுத்தாம்ணே போனேன்” என்றார்.

அவருக்குத் தெரியாது மதினி. அந்தப் புகைக்குள் நீங்கள் இருந்தீர்கள் என்று தெரியாது. சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போய்விட்டது. போனை வாங்கிக்கொண்டு ஒட்டாமலேயே போய்விட்டார், அதற்குப் பிறகு வரவில்லை. அவரை ஒரு அறை அறைந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும் என்று பல நாள் நினைத்தேன். ஆனால் எந்தக் கையால்? விசிலடித்த கையும் அதுதான், நாலரை போட்ட கையும் அதுதான்.

கோபம் எல்லார் மேலும் வருகிறது. வெடிப்பதை அழகாகக் காட்டியவன் மேல், செத்தவர்களைக் காட்டாமல் விட்டவன் மேல், சாயங்காலம் எடுத்துவிடுவோம் என்ற போர்மேன் மேல். உங்கள் மேலும்தான். பெட்டி நிற்கிறது என்று தெரிந்தும் ஏன் போனீர்கள்? இந்தக் கேள்வியை ஒருநாள் கத்திக் கேட்டுவிட்டேன், உங்கள் போட்டோ முன்னால். பின்னால் நின்ற அண்ணன் பதில் சொன்னான், “அவ சொன்னால்ல. எங்கிட்டயும் சொன்னா, ஒங்கிட்டயும் சொன்னா. சொன்னவளப் போயி வையுதியே.” அண்ணன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

டிவியில் படம் போட்ட அன்று சாயங்காலம், கடையை மூடாமலேயே அந்த விமர்சனத்தைத் திறந்தேன். அழித்துவிடலாம் என்று விரல் போனது. அழிக்கவில்லை. அழித்தால் நான் எழுதவே இல்லை என்று ஆகிவிடும். பழைய வரிகளை அப்படியே விட்டு, அதற்குக் கீழே நீங்கள் கேட்ட வரியை எழுதினேன். ‘இந்தப் படத்தில் வாசலை மறித்துப் பெட்டி அடுக்கியிருப்பார்கள். எங்கள் ஊரில் நிஜமாகவே அடுக்குகிறார்கள். அது தப்பு. என் மதினி அந்த வாசலில்தான் செத்துப்போனார். இந்தச் சீனுக்கு நான் விசிலடித்தேன்.’ நட்சத்திரத்தை முழுக்க எடுக்கப் பார்த்தேன். ஒன்றாவது போடாமல் அந்த ஆப் விடாதாம். ஒன்று போட்டேன்.

பத்து மாதம் தாமதம். மறுநாளே ஒருவர் கேட்டிருந்தார், ‘இது சினிமா விமர்சனமா, ஒப்பாரியா?’ இன்னொருவர், ‘படத்தைப் படமா பாருங்க பாஸ்’ என்று எழுதியிருந்தார். என் வாக்கியம் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை அழித்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் அதே தியேட்டருக்குப் போனேன். உங்கள் ஓரச் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கவாட்டு வாசலைப் பார்த்தால், வாசல் திரைச்சீலையை ஒட்டிக் கலர் சோடா பாட்டில் பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு நிற்கின்றன. டிக்கெட் கிழிப்பவரைக் கூப்பிட்டேன். “இடைவேளைக்கு விக்கணும்லண்ணே. அது முடிஞ்சதும் எடுத்துருவோம்” என்றார்.

அந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. “இப்ப எடுலே!” என்று கத்திய கத்தலில் முன் வரிசைகளெல்லாம் திரும்பிவிட்டன. அவர் மேனேஜரைக் கூட்டிவரப் போனார். நான் காத்திருக்கவில்லை. நானே தூக்க ஆரம்பித்தேன். “ஏய் உக்காருய்யா, மறைக்குது” என்று பின்னாலிருந்து சத்தம். ஒருவன் விசிலடித்தான். இரண்டாவது பெட்டியைத் தூக்க முடியாமல் நான் திணறியபோது, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். செருப்பைச் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார். கடைசிப் பெட்டிவரைக்கும் என்னோடு தூக்கினார். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் அவரவர் சீட்டில் போய் உட்கார்ந்தோம். படம் ஓடியது. நல்ல படம் என்றுதான் வெளியே வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

எத்தனை வாசல் என்று நீங்கள் கேட்பீர்கள். எண்ணவில்லை மதினி. பொங்கலன்று பஸ்ஸில் நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது. வாசலை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே எண்ணுவதற்கு.