பால் டம்ளருக்கு ஒரு லிஃப்ட்

மார்ச் 4

என் செல்லக் கழுதைக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் நலம். உன் நலத்தை நீயே உன் கையால் எழுதினால்தான் நம்புவேன். கதை வெளியே போய்விடக் கூடாது என்று உங்கள் ஸ்டூடியோ வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெளியே வந்த பிறகு பேசினாலோ, நீ பாதிப் பேச்சில் கொட்டாவி விடுகிறாய். அதனால்தான் கடிதம். எனக்கும் எழுதினால்தான் திட்டு சரளமாக வருகிறது.

உன் தொடரைப் பற்றி மனதில் பட்டதைச் சொல் என்று கேட்டிருந்தாய். கேட்டுவிட்டாய், அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது. அந்த மாமியார் பாலில் விஷம் கலந்தாள், சரி. டம்ளர் அடுப்படியிலிருந்து மாடிக்குப் போய்ச் சேர ஒரு வாரமா? படிக்கு ஒரு இடி, ஒரு மின்னல். நடுவில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மூன்று தடவை காட்டுகிறீர்கள். பால் இந்நேரம் தயிராகியிருக்கும். உன் மாமா பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, பால் டம்ளருக்குன்னு தனியா ஒரு லிஃப்ட் போட்டுத் தரேன். விஷமாவது சூடா போய்ச் சேரட்டும்" என்றார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேறு என்ன தோன்றும்? பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கதாநாயகனுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டியிருக்கிறீர்களே, அதில் பவரே இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளிடமா உங்கள் கைவரிசை? மொத்தத் தொடரிலும் அந்த வேலைக்காரியாக வருகிறவள் ஒருத்திதான் மனுஷி. ஒன்றும் பேசாமல் மேஜையைத் துடைக்கிறாள், நான் கைவேலையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம். யார் வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பெனிக்காரர்கள் நம் டிவியில் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுப்பார்களாம். நாம் ஒரு வீடு பார்த்தால் ஆயிரக்கணக்கான வீடு பார்த்த மாதிரி. ஆளுக்கு ஒரு பொத்தான், டிவி முன்னால் உட்கார்ந்ததும் அமுக்க வேண்டும். நீ இங்கே இருந்தபோது பேர் கொடுத்ததால் உனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். நீ வேலைக்காகக் கிளம்பிப் போய்விட்டாய் என்று சொல்லி அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். உன்னிடம் சொல்வதற்கென்ன.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

என் கண்ணாடிக்கார அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. லிஃப்ட்டை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். டம்ளர் ஒருவழியாக மாடிக்குப் போய்விட்டது, பார்த்தாயா? உன் புண்ணியம்தான்.

எனக்கு நல்ல காலம் வந்துவிட்டது அக்கா. கதைப் பிரிவில் இத்தனை நாளும் எல்லோருக்கும் காகிதம் அடுக்கிக் கொடுக்கிறவளாக இருந்தேன். இப்போது மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி. "உனக்கு ஜனங்க நாடி தெரியுதும்மா" என்று இயக்குநரே சொன்னார். வசனம் எழுத வைக்கப் போகிறார்களாம்.

எங்கள் தொடர் மட்டும் வேண்டாம், நீ பார்க்கிற மற்றதைப் பற்றியும் எழுது. சினிமா, தொடர் எல்லாம். வெட்டு ஒன்று, துண்டு இரண்டாக எழுது. பாப்பாவுக்குச் சித்தியின் முத்தம்.

உன்
கழுதை


ஏப்ரல் 9

செல்லத்துக்கு,

கேட்டபடியே எழுதுகிறேன். மாமாவும் நானும் ஒரு பேய்ப்படத்துக்குப் போனோம். பேய் வருவதற்கு முன்னால் பின்னணி இசை வந்து கட்டியம் கூறிவிடுகிறது. வரப்போகிறேன் என்று போன் செய்துவிட்டு வருகிற விருந்தாளியைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? மாமா நடுவில் தூங்கிவிட்டார். சனி ஞாயிறு வருகிற துப்பறியும் தொடரும் பார்க்கிறேன். அந்த இன்ஸ்பெக்டருக்கு ஊரில் நடக்கிற கொலையெல்லாம் டீ குடிக்கும்போதுதான் விளங்குகிறது. கொலைகாரன் யார் என்று எனக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். இருப்பதிலேயே பேர்பெற்ற நடிகர் எவரோ அவர்தான். சும்மா வந்து போவதற்கா அவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள்?

பிடித்த படம் என்றால், ஒரு தகப்பனும் மகளும் பேசிக்கொள்ளாமலே ஒரு வீட்டை வெள்ளையடித்து முடிக்கிற படம். ஊர் முழுக்க அறுவை என்றார்கள். நான் கடைசிக் காட்சியில் கைக்குட்டையைப் பிழிந்தேன்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா. பின்னாலேயே இரண்டு பேர் ஒரு பெரிய டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அக்கா, இது உங்களுக்கு. உள் ரூம்ல வெச்சு எதை வேணும்னாலும் பாருங்க. ஹால்ல இருக்கற பழசு மட்டும் எங்க சேனல்லயே ஓடிட்டு இருக்கட்டும்" என்றார். நீ வேலை பார்க்கிற சேனல்தான். எதற்கு என்று கேட்டேன். பேனாவால் அந்தக் கருவியைக் காட்டிச் சிரித்தார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் டிவி உள்ளே வந்துவிட்டது. நாங்கள் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லையே, இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் யார் தும்மினாலும் தூக்கிவாரிப் போடுகிறது. நிஜத்தில் வருகிறவர்களுக்குப் பின்னணி இசை கிடையாதடி.

உங்கள் சேனல் ஆட்கள்தானா என்று விசாரித்துச் சொல்.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன். இதற்கெல்லாம் பயப்படுவார்களா? எல்லாச் சேனலும் செய்வதுதான் என்று இங்கே சொல்கிறார்கள். யாரோ அன்பாக டிவி கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளேன், என்ன குறைந்துவிட்டது? பழைய டிவி ஒரு மூலையில் ஓடினால் உனக்கென்ன, அதுவா சோறு கேட்கிறது?

படங்களைப் பற்றி நிறைய எழுது.

கழுதை


மே 6

தங்கைக்கு,

அது சோறு கேட்கவில்லை. எங்கள் நிம்மதியைத்தான் கேட்கிறது.

ஹாலில் யாருமே உட்காருவதில்லை. காலையில் எழுந்ததும் போடுகிறோம், படுக்கும்போது அணைக்கிறோம். நாள் முழுக்க ஆளில்லாத அறையில் உங்கள் மாமியார் கத்திக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் மத்தியானம் தலைவலி தாங்காமல் அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேனாக்காரர் கதவைத் தட்டினார். "கரண்ட் இல்லையாக்கா? எதிர்க்கடையில இருக்கே" என்று கேட்டார். எதிரே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பொத்தான் நான்கையும் அமுக்கச் சொல்கிறார். உன்னுடையதையும். நீ இல்லாத வீட்டில், நீ தினமும் உட்கார்ந்து உன் தொடரைப் பார்ப்பதாகக் கணக்குப் போகிறது. ஆசையாய் வைத்திருந்த பொத்தான், இப்போது தொட்டாலே விரல் கூசுகிறது.

மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு கேட்கப் போனார். அவரிடம் அந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார். "லிஃப்ட் மேல ஏறி நின்னு வேலை பாக்கறீங்க, பாத்து பண்ணுங்க சார். கீழ யார் என்ன ஸ்விட்ச் போடுவாங்கன்னு நமக்குத் தெரியாதில்ல" என்றார். திரும்பி வந்த மாமா மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். போலீஸுக்குப் போகலாம் என்றேன். "என்னன்னு சொல்லுவே? ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே டிவி கொடுத்தார்னா?" என்றார். சினிமாவில் ஒருத்தி பத்துப் பேரைப் பந்தாடுகிறாள், நானும் விசில் அடிக்காத குறையாகப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒருத்தர் தட்டினால் சங்கிலியை மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன்.

கணக்கெடுக்கும் கம்பெனிக்குப் போன் செய்து, கருவியைக் கழற்றிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மறுநாள் காலை பேனாக்காரர்தான் வந்து நின்றார். "கழட்டச் சொன்னீங்களாமேக்கா? ஏன், எங்க மேல என்ன வருத்தம்?" என்றார். பிறகு செருப்பு மாட்டிக்கொண்டே, "பாப்பா டியூஷன் முடிஞ்சு அந்தச் சந்து வழியா தனியாத்தானே வருது?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து நான் கடையிலிருந்து பாதி வேலையில் ஓடிப்போய் அவளைக் கூட்டி வருகிறேன்.

அவர் படியிறங்கும்போது சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம். "சாரை சீக்கிரம் அந்த லிஃப்டைப் போட்டுத் தரச் சொல்லுங்கக்கா, பால் ஆறிடப் போகுது" என்று சொல்லிச் சிரித்தார்.

மாமா அதை நம் ஹாலில் சொன்னார். நான் அதை உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

யாரிடம் சொன்னாய்? மறைக்காமல் எழுது. எனக்கு அந்த ஆளைவிட இப்போது உன் பதில்தான் பயமாக இருக்கிறது.

அக்கா


மே 14

அக்கா,

மறைக்கவில்லை. கூட்டத்தில் வாசித்தேன்.

ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இயக்குநர் கேட்டார். எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். என் கைப்பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்து வாசித்தேன். டம்ளருக்கும் லிஃப்டுக்கும் அந்த அறையே அதிர்ந்தது அக்கா. என் பேர்கூடத் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். அந்த மிதப்பில் அடுத்த பத்தியையும் வாசித்துக்கொண்டே போய்விட்டேன். கருவி என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் நாக்கைக் கடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் மட்டும் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். சாயங்காலம் அவரே வந்து, அக்காவுக்கு ஒரு பரிசு அனுப்ப வேண்டும் என்று முகவரி கேட்டார். கொடுத்தேன். பரிசு என்றதும் உன் முகம் மலரும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

இப்போது அவர் என்னையும் வராந்தாவில் நிறுத்திக் கேட்கிறார், "உங்க அக்கா கோவக்காரங்களோ?" என்று. அடுத்த வாரத்திலிருந்து வசனம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வாய்ப்புக்கு நான் எத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். நீ முரண்டு பிடித்தால் என் நாற்காலியும் போகும், உங்களுக்கும் ஆபத்து. இந்தத் தொடர் முடிகிறவரைக்கும் அவர்கள் சொல்கிறபடி வைத்துவிடு அக்கா. எனக்காக. பாப்பாவை ஒன்றும் செய்ய மாட்டார்கள், சும்மா மிரட்டுவதுதான்.

காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் தங்கை


ஜூன் 30

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. போன் செய்தால் மாமா எடுத்து, "வேலையா இருக்கா" என்று வைத்துவிடுகிறார். பாப்பாவைக் கேட்டால் தூங்குகிறாள் என்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கா தூங்குவாள்?

நான் முதன்முதலாக எழுதிய காட்சி சனிக்கிழமை வருகிறது. மருமகளின் தங்கை வாசலில் வந்து நிற்பாள். அக்கா கதவைத் திறக்க மாட்டாள். தங்கை வெளியிலிருந்தே பேசுவாள். தெரியாமல் செய்த தப்பு, தெரிந்தே கேட்ட சுயநலம், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுவாள். உங்கள் ஹாலில் அந்த டிவி ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். வேறு எந்த வழியில் உன் வீட்டுக்குள் வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

காட்சி சுமார்தான், எனக்கே தெரியும். வசனம் நீளம். நீ பார்த்தால் கிழித்துத் தொங்கவிடுவாய். கிழித்துவிடு அக்கா. மட்டம் என்று எழுது, என்னையும் சேர்த்துத் திட்டு. உன் வாயால் ஒரு திட்டு வந்தால் போதும், நாம் பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வேன்.

காத்திருக்கிறேன்.

உன்
கழுதை


ஜூலை 12

அன்புடையீர்,

வணக்கம். தங்கள் தொடரை எங்கள் வீட்டில் அனைவரும் நாள் தவறாமல் பார்த்து வருகிறோம். காலை முதல் இரவு வரை வேறு சேனல் வைப்பதில்லை. கதை விறுவிறுப்பாகச் செல்கிறது. நடிகர், நடிகைகள் அனைவரும் சிறப்பாக நடிக்கிறார்கள்.

சனிக்கிழமை ஒளிபரப்பான காட்சியில், தங்கை கதவுக்கு வெளியே நின்று அக்காவிடம் பேசியது மிகவும் நன்றாக இருந்தது. அதை எழுதியவருக்கு எங்கள் பாராட்டுகளைத் தெரிவிக்கவும். குறை என்று சொல்ல எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தை யார் முன்னிலையில் வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு நேயர்