கோல் வழுக்கியது என்று சொன்னேன்

அண்ணா,

நேற்று உங்கள் ஜூனியர் வந்து, என் தம்பியின் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முடிச்சை அவிழ்த்ததும் உங்கள் வாசனைப் பாக்கு மணம் எழுந்தது. நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. படிக்காமலே திரும்பக் கட்டிவைத்துவிட்டேன்.

உங்கள் நைனாவும் என் நைனாவும் ஒரே தோணியில் மீன் பிடித்தவர்கள். நீங்கள்தான் பொன்னேரி கோர்ட்டில் தொடங்கி ஐகோர்ட் வரை போனீர்கள். கொலை வழக்கென்றால் எளாவூருக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட உங்களைத் தேடி வந்தார்கள். உங்கள் குறுக்கு விசாரணை என்றால் மற்ற வக்கீல்கள் சுவரோரம் வந்து நிற்பார்கள். நீங்கள் அதட்ட மாட்டீர்கள். சாட்சியைப் பேசவிட்டு, ஒரு சொல் தவறி விழும்வரை காத்திருப்பீர்கள். அந்த வித்தையை என்னிடமே காட்டுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஏரியில் அன்று மீன் பிடிப்பது எங்கள் ஊர் முறை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வலை போட்டதில் கைகலப்பு. ஒருவன் மண்டை உடைந்து செத்தான். அடித்தவன் நான். போலீசுக்கு யார் பெயரைக் கொடுப்பது என்று ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் பெயரைக் கொடுத்தார்கள். மறுபேச்சில்லாமல் போனான். நடந்ததை உங்களிடம்கூடச் சொல்லக் கூடாதென்பது ஊர்க் கட்டுப்பாடு.

உங்கள் ஆபீசில், தூரத்திலிருந்து பார்த்தவன் மாதிரி சண்டையை விவரித்துக்கொண்டிருந்தேன். அடித்தபோது தோணி தள்ளும் கோல் ஈரத்தில் கைக்குள் வழுக்கியது என்றேன். பேனாவை மூடிவைத்தீர்கள்.

"தூர நின்னு பாத்தவனுக்கு எப்டிடா தெரியும், வழுக்குச்சுனு?"

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"நான் வெளிய சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். இல்லனா உன் தம்பிய நான் இன்னா சொல்லி காப்பாத்துவேன்?"

"பொண்ணுங்க கீதுங்கண்ணா" என்றேன்.

வழக்கு தோற்றது. ஆயுள் தண்டனை. தீர்ப்பன்று நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். காரில் ஏற்றி, ஊர்ப்பக்கம் திருப்பாலைவனத்தில் இறக்கிவிட்டீர்கள். அப்பீலை நீங்களே உட்கார்ந்து எழுதினீர்கள். அது விசாரணைக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இன்னும்கூட நான் போய்ச் சொல்லலாம். ஸ்டேஷனுக்கு பஸ் இருக்கிறது. போக மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். நான் கோழை அண்ணா. அதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும், நீங்களும் இல்லை.

இன்று சிறையில் தம்பியைப் பார்த்தேன். முதலில் பெண்களைப் பற்றித்தான் கேட்டான். பெரியவள் பன்னிரண்டாவது போகிறாள் என்றதும் அவனுக்கு அத்தனை சந்தோஷம். பிறகு கம்பி வலையருகே முகத்தைக் கொண்டுவந்தான்.

"வக்கீல் அண்ணன் இன்னா சொல்றாரு?"

"அப்பீல் சீக்கிரம் வந்துடும்னாரு."

"அவரு கீற வரைக்கும் எனக்கு இன்னாண்ணா பயம்?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன்.