ஆலை வாசலில் சொன்ன 'வாரேனுங்க'

பாய்,

மூன்று நாளாக ஒரு புத்தகத்தின் அச்சுப்படி என் மேசையில் கிடக்கிறது. காகிதத்தில் மை வாசம் இன்னும் போகவில்லை. போன வருஷம் காலமான நம் முன்னாள் குடியரசுத் தலைவரின் வாழ்க்கை வரலாறு தமிழில் வருகிறது. கோவை பற்றிய அத்தியாயத்தை மட்டும் பார்த்துத் தரும்படி பதிப்பாளர் கேட்டிருந்தார். அதில் உங்கள் பெயர் இருக்கிறது.

வாழ்க்கை என்னவோ பெரிய வாழ்க்கைதான். செங்கல் சூளையில் மண் மிதித்த வீட்டுப் பிள்ளை, சிறை, இளம் எம்.பி., அமைச்சர், கடைசியில் குடியரசுத் தலைவர். இத்தனைக்கும் நடுவே நம் ஊருக்கு அரைப் பக்கம். திரும்பி வருவதாக ஆலை வாசலில் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்றும், மொழிபெயர்த்த உள்ளூர்த் துணி வியாபாரியின் தவறால்தான் அப்படியொரு பேச்சு பரவியது என்றும் அவரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நூலாசிரியர் தோண்டித் துருவி, உங்கள் பெயரையும் கோட்டைமேட்டுக் கடையையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டார்.

அந்த மத்தியானம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஆலை மூடி மாதக்கணக்காகியிருந்தது. ஆதரவு சொல்ல வந்திருந்தார், அவர் அப்போது எம்.பி. மட்டுமே. சூரத்துக்கும் பம்பாய்க்கும் சரக்கெடுக்கப் போய் நீங்கள் கற்ற இந்தியை நம்பி உங்களை மேடையேற்றினோம். நீங்கள் வியர்த்துக் கொட்டினீர்கள். "புலவரே, ஒரு சொல்லு மாறிப்போனாலும் ஊரே அடிக்க வந்துருமுங்க" என்றீர்கள். தமிழாசிரியன் என்பதால் நான் உங்களுக்குப் புலவர். அதில் பாதி கேலி. ஆலைத் தொழிற்சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதித் தருவதும் நான்தான்.

நன்றாகத்தான் பேசினீர்கள். கடைசியில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போத்தனூரில் ரயில் பிடிக்க வேண்டும். "அச்சா, மே சல்தா ஹூம்" என்றார். சரி, கிளம்புகிறேன் என்றார், அவ்வளவுதான். நீங்கள் மைக்கில் சொன்னீர்கள்: "சரிங்க, நான் வாரேனுங்க."

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? வேலையில்லாமல் நிற்கும் சனத்தைப் பார்த்து 'போறேன்' என்று நம் ஊரில் எவன் சொல்வான்? எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன்கூட அந்தச் சொல்லைச் சொல்லாமல்தான் எழுந்து வருகிறான். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் நின்ற பழனியம்மாள், நூற்புப் பிரிவில் இருந்தவர், இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

அடுத்த வாரம் ஆலையைத் திறப்பதாகச் சொல்லி நிர்வாகம் ஒரு தாளை நீட்டியது. சங்கத்தை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் உள்ளே எடுத்தார்கள். பழனியம்மாள் போடவில்லை. "தலைவரு வாரேன்னு சொல்லியிருக்காருங்க. அவரு வந்து கேட்டா நான் என்னன்னு பதில் சொல்றது?" என்றார். அவரோடு இன்னும் சிலரும் போடவில்லை. கதவு அவர்களுக்குத் திறக்கவே இல்லை. பழனியம்மாள் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டீர்கள். ஆனாலும் ஜவுளி எடுக்கப் பழனியம்மாள் உங்கள் கடைக்குத்தான் வருவார். "ஏனுங் பாய், அவரு எப்பங்க வாராரு?" என்று கேட்பார். அவர் போன பின் நீங்கள் அளவுகோலைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பீர்கள். "என்ற வாய்தானுங்க புலவரே அந்தம்மா பொழப்பக் கெடுத்துப்போட்டுது." எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! நானும் ஒவ்வொரு முறையும் "உடுங்க பாய்" என்பேன்.

பிறகு அவர் குடியரசுத் தலைவராகி, இங்கே ஒரு பட்டமளிப்பு விழாவுக்கு வந்தார். நாம் இருவரும் நான்காவது வரிசையில் இருந்தோம். பேசி முடித்தவர், சிரித்துக்கொண்டே தமிழில், "வாரேனுங்க" என்றார். விடைபெறும்போது இங்கே இப்படித்தான் சொல்வார்கள் என்று ஆலைக்கு வந்த அன்றே உங்களிடம் கேட்டு வைத்திருந்திருக்கிறார். அரங்கமே ஆரவாரித்தது. நீங்கள் என் தொடையை இறுகப் பிடித்தீர்கள். வெளியே சாலைத் தடுப்புக்குப் பின்னால் பழனியம்மாள் நின்றிருந்தார். கார்கள் போய் முடிந்ததும், "வந்தாரு. நம்மளத் தேடி வரலீங்களே" என்றார்.

நேற்றுக் காலை பதிப்பாளர் மறுபடி கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள சொல்லிப்போடுங்கய்யா, அச்சுக்குப் போகோணும்ங்க." பதற்றத்தில் போத்தனூரிலிருக்கும் உங்கள் மகளுக்குப் போன் போட்டேன். "இருக்கட்டும்ங்க மாமா. அத்தாவே கண்ண மூடுற வரைக்கும் அது தன்னோட தப்புன்னுதானுங்க சொன்னாரு. படிச்சா பிள்ளைகளுக்குச் சங்கடமாத்தான் இருக்கும், என்ன பண்றதுங்க" என்றாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. பொறுத்துக்கொண்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாய், நீங்கள் 'வாரேனுங்க' என்றதை அந்த வாசலில் யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். தினமும் சொல்லிக்கொள்கிற சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர்களா? அன்று சாயங்காலம் நான் எழுதிய நோட்டீஸைப் பார்த்துத்தான் நம்பினார்கள். "மீண்டும் வருவேன்! தலைவர் உறுதி!" கொட்டை எழுத்தில் தலைப்பு. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சனம் சோர்ந்துவிடக் கூடாது, எதையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று தெரிந்தே எழுதினேன். பழனியம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு எத்தனையோ வருஷம் இருந்தது. கடையில், டீக்கடையில், ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில். சொல்லவில்லை. நீங்கள் பழியை எடுத்துக்கொண்டது எனக்குச் சௌகரியமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, பாய்.

அடிக்குறிப்பில் உங்கள் பெயரை அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு சரியானது, நோட்டீஸில்தான் பொய் எழுதப்பட்டது என்று எழுதி என் பெயரையும் போட்டேன். பதிப்பாளர் படித்துவிட்டு, "ஐயா, இது உங்க பேருங்களே?" என்றார். ஆமாங்க என்றேன்.

உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். என்னைத் திட்டவில்லை. புத்தகம் வருவதற்குள் பழனியம்மாளை நேரில் பார்க்க வேண்டும். இரண்டு தடவை அவர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் அத்தனை காலம் பட்ட பாடு என்னவென்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது.