பெட்டியோடு நிற்கிறவள்

யாங்கோன், ஜூன் 2007

அன்புள்ள ஆத்தாவுக்கு, வள்ளிக்கண்ணு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஞாயிற்றுக்கிழமை என் அறைத்தோழி அனு ஓர் ஈரான் படத்தின் சிடி வாங்கி வந்தாள். கணவன் கையெழுத்துப் போட்டால்தான் அதில் வரும் பெண் வெளிநாடு போகலாம். அவன் போடவில்லை. பெட்டியோடு கதவருகே நிற்கிறாள். அத்தோடு படம் நின்றுவிட்டது. "சிடி கீறிப் போச்சுக்கா" என்று அனு கடைக்கு ஓடி மாற்றி வந்தாள். அதுவும் அங்கேயே நின்றது. படமே அவ்வளவுதானாம்! விழுந்து விழுந்து சிரித்தோம்.

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். கூடவே பீரோவிலுள்ள என் பாஸ்போர்ட் நகலையும். அசல் பாஸ்போர்ட் என் முதலாளியிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்டால், "எங்கே போகப் போறே?" என்கிறார். அப்பச்சியிடம் சொல்ல வேண்டாம்.

இதை ஊருக்குக் கொண்டுவரும் சாத்தப்பண்ணன் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். அவராவது புறப்படட்டும்.

வள்ளிக்கண்ணு