பின்வாசலில் போட்ட இலை

எத்தனை நாய் குரைத்தாலும் எழுந்து பார்க்காமல் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிற என் அன்பு பிலோமி அக்காவுக்கு,

நீ விடைத்தாள் திருத்திய மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலடியில் சனி படுத்திருக்கிறது. நீ பதறுவாய் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்: சனி உயிரோடு இருக்கிறது. ஒரு காது கிழிந்திருக்கிறது, பின்னங்காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறது. மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். இத்தனை வருஷம் செய்தி எழுதிப் பழகியவனுக்கு வரிசை மாறினால் கை ஓடாது.

இந்தக் கடிதத்தை உன்னை அறியாத சிலரும் வாசிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ அறிவியல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, அடிபட்டும் சொறி பிடித்தும் தெருவில் கிடந்த நாய்களைத் தூக்கி வந்தாய். பெயர் யோசிக்கச் சோம்பல், கிடைத்த கிழமையையே பெயராக வைத்தாய். ஞாயிறு, செவ்வாய், இப்படி. கறுப்பாக ஒன்று சனிக்கிழமை கிடைத்தது. எதிர்வீட்டு மெய்யம்மை ஆச்சி அன்றைக்கு வாசலில் நின்று சத்தம் போட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன் டீச்சர், ஊரே சனி விட்டாப் போதும்னு எள்ளு வெளக்குப் போடுது. நீங்க சனியக் கூப்பிட்டுச் சோறு போடுறீகளே!"

"அது போற எடத்துல யாருக்கும் சனி தெரியாது ஆச்சி" என்றாய்.

போகிற இடம் என்று நீ சொன்னது வெளிநாட்டை. உள்ளூரில் நீ கேட்காத வீடு இல்லை. லேப்ரடார் என்றால் கடன் வாங்கியாவது வாங்கிக் கட்டுகிறவர்கள், நாட்டு நாய் என்றதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் எடுத்துக்கொண்டது, எதிர்வரிசையில், ஆச்சி வீட்டை ஒட்டிப் பின்வாசல் இருக்கிற பெரிய வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றைப்போல அதுவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசல் பெரிய தெருவில். பின்வாசல் நம் தெருவில். இப்போது அது ஓட்டல். முன்வாசலில் வெளிநாட்டார் மாலையோடு நுழைவார்கள். அவர்கள் சாப்பிட்ட இலை பின்வாசல் வழியாக நம் தெருவுக்கு வரும். இலைக்காக நாய்கள் வரும். நாய்களைப் பார்க்க அவர்களில் சிலரும் பின்னாலேயே வருவார்கள்.

அப்படி வந்த ஒரு நெதர்லாந்துக் குடும்பம்தான் சனி ஒரு புதன்கிழமை ஈன்ற குட்டி புதனைக் கேட்டது. சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது உன்னால்தான் எனக்குத் தெரியும். கழுத்துத் தோலுக்குள் சிப், வெறிநாய்த் தடுப்பூசி, ரத்தத்தை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதனை, அதற்குப் பிறகும் மூன்று மாதக் காத்திருப்பு. எல்லாவற்றையும் நீயே அலைந்து செய்தாய். இன்றைக்குப் புதன் பனியில் நிற்கிற படம் அந்த ஓட்டல் வரவேற்பறையில் பெரிய சட்டத்துக்குள் தொங்குகிறது. 'எங்கள் இல்லத்தின் பிள்ளை' என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கொடுக்கப் போன உன்னைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். நீ சிரித்துவிட்டு வந்தாய். எனக்கு அன்றைக்கே அருவருப்பாக இருந்தது.

போன குளிர்காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஹன்னாவும் அவள் கணவனும் வந்தார்கள். இருந்த நாளெல்லாம் சனி அவர்கள் பின்னாலேயே திரிந்தது. ஊருக்குப் போய் நினைத்துப் பார்த்துவிட்டு, சனியைத் தாங்களே வந்து அழைத்துப்போவதாக எழுதினார்கள். ஊசி போட்டு ரத்தம் அனுப்பினாய். முடிவு வருவதற்குள், ஆடியில், நீ போய்விட்டாய். முடிவு நன்றாக வந்தது அக்கா. கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவர்த்தி ஏற்றும்போது அதை உனக்குச் சொன்னேன். கேட்டதா?

தை மாதம் வருகிறோம் என்றாள் ஹன்னா. அதுவரை சனியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

மார்கழியில் ஒருநாள் செய்தி விஷயமாகச் சிவகங்கை போய்விட்டு மதியம் திரும்பினேன். கேட் திறந்து கிடந்தது. சனி இல்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நம் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஆச்சி அழுதுகொண்டே வந்தார்.

"நாந்தேன் தம்பி கேட்டத் தொறந்துவிட்டேன். பின்வாசல்ல வரிசையா எல போட்டிருந்தாக. பந்தி மாதிரி, சோறும் கறியுமா. தெரு நாயெல்லாம் வந்து திங்குது. யாரு பேருலயோ அன்னதானம், புண்ணியத்துக்குப் போடுறாகன்னு நெனச்சேன். நம்ம சனியும் தின்னுட்டு வரட்டுமேன்னு விட்டேன். தின்னுக்கிட்டு இருக்கும்போதே வலையப் போட்டு அமுக்கிச் சாக்குல கட்டி வேன்ல ஏத்திட்டாக. கத்துனேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

ஆச்சியை எப்படிக் குறை சொல்வது? இந்த ஊரில் இலை போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தை நம்பித்தான் ஆச்சி கேட்டைத் திறந்தார். நாய்களும் அதை நம்பித்தான் வந்தன.

முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். மேனேஜர் சரவணன் எழுந்து வந்தார்.

"வாங்க சார், வாங்க. டீச்சரம்மா போனது எங்களுக்கும் பெரிய இழப்பு."

"சனி எங்கே?"

"எந்தச் சனி சார்?"

சுவரில் இருந்த புதன் படத்தைக் காட்டினேன். "இதோட அம்மா."

"அதுவா..." கையைப் பிசைந்தார். "சீசன் சார். போன வாரம் ஒரு கெஸ்ட்டம்மா நாயப் பாத்துப் பயந்து நெட்டுல எழுதிட்டாக. அதான் ஊருக்கு வெளிய பத்திரமாக் கொண்டுபோய் விடச் சொன்னேன். கொல்லல சார், சத்தியமா. வயித்துக்குப் போட்டுத்தான் அனுப்புனோம்."

வயிற்றுக்குப் போட்டுத்தான் அனுப்பினார்களாம். எங்கே விட்டார்கள் என்று கேட்டேன். அது வேன்காரருக்குத்தான் தெரியும் என்றார். அந்த நாய்க்காக ஜெர்மனியிலிருந்து இருவர் வரப்போகிறார்கள் என்று சொன்னேன். முகம் மாறியது. போனை எடுத்துத் தேடினார். ஹன்னா அதே ஓட்டலில் தையில் அறை பதிந்திருந்தாள். குறிப்பில் சனியின் பெயரும் இருந்தது. சரவணன் குரலைத் தாழ்த்தினார்.

"கறுப்பு நாய்தானே சார்? அதே சைஸ்ல ஒன்னப் புடிச்சு, குளிப்பாட்டிக் குடுத்துருவோம். வெள்ளைக்காரகளுக்கு என்ன தெரியப் போகுது?"

"கழுத்துல சிப் இருக்கு."

"அத எடுத்து இதுல மாட்ட முடியாதா சார்?"

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்புவதற்கு இடம் தேடினேன். தரையெல்லாம் இத்தாலிப் பளிங்கு, முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்து வைத்திருந்தார்கள். விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்வாசலில் சமையல் மாஸ்டர் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைப் பார்த்தபடி பேசினார். "நெற்குப்பை ஊருக்குப் போற வழியில கண்மாய்க்கு அங்குட்டு குப்ப கொட்டுற எடம் இருக்கு சார். அங்கதான் விட்டாகளாம். எம்பேரு வரக்கூடாது." பிறகு அவராகவே சொன்னார்: "கறிய நாந்தேன் வச்சேன். யாருக்குன்னு சொல்லல. கெஸ்ட்டுக்குன்னு நெனச்சு மசாலா வறுத்து அரைச்சு வச்சேன்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு மெஸ்ஸில் சோறு இலைப் பொட்டலமாகக் கட்டி வாங்கினேன். கண்மாயில் தண்ணீர் பாதி இருந்தது. கரைக்கு அப்பால் பாலித்தீனும் அழுகிய காய்கறியும் மலையாக. அதன் மேல் நாய்கள். நம் தெரு நாய்கள் மட்டும் இல்லை அக்கா. எலும்பு தெரிந்தவை, புண் வழிந்தவை, பழைய பெல்ட் கழுத்தை இறுக்கியவை. வேறு யார் யாரோ, எப்போதிலிருந்தோ கொண்டுவந்து தள்ளியிருக்கிறார்கள். நாற்றத்தில் நிற்க முடியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்து இலையை விரித்தேன். பக்கத்தில் நின்றவை எல்லாம் வாலை இடுக்கிக்கொண்டு ஓடின. பட்டினியில் கிடக்கிற நாய்கள், இலையில் சோற்றைக் கண்டு ஓடின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நான் எதையெல்லாமோ பார்த்து எழுதியிருக்கிறேன். இதைப் பார்த்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சனி! சனி!" என்று கத்தினேன். கரையில் ஆடு மேய்த்தவர் வேடிக்கை பார்த்தார்.

"என்ன சார், அதத் தேடி வந்து கூப்பிடுறீக? அதுவா வீடு தேடி வருமே!"

சனி வரவில்லை. மறுநாள் வீட்டில் கிடந்த உன் அலுமினியத் தட்டையும் கரண்டியையும் எடுத்துப் போனேன். நீ தட்டுவாயே, கேட்டருகே நின்று, அதே மாதிரி தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குப்பைக்குப் பின்னாலிருந்து சனி நொண்டிக்கொண்டே வந்தது. வந்து தட்டைத்தான் நக்கியது, என்னைப் பார்க்கவில்லை. நீதான் வந்திருக்கிறாய் என்று நினைத்ததோ என்னவோ.

அதன் பின்னால் மற்றவையும் வந்து நின்றன. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஆட்டோவில் சனியை மட்டும் ஏற்றினேன். சிப் உள்ளது வண்டியில் ஏறியது. சிப் இல்லாதவை ரோடு வரைக்கும் ஓடி வந்து நின்றன. ஒரு நாட்டு நாய்க்கு நம் ஊரில் மரியாதை கிடைக்க விமான டிக்கெட் வேண்டியிருக்கிறது. அந்த டிக்கெட் இருந்ததால்தான் நானும் தேடிப் போனேனா? உனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஞாயிறும் செவ்வாயும் காணாமல் போனபோது, லாரியில் அடிபட்டிருக்கும் என்று நீ நெடுஞ்சாலை ஓரமெல்லாம் தேடினாயே. அதுவும் ஒரு சீசன்தானே? அன்றைக்கும் இலை போட்டிருப்பார்களோ? நீ அதைத் தெரிந்துகொள்ளாமலே போனது நல்லதுதானா?

போன வாரம் சரவணன் நம் வீட்டுக்கே வந்தார். கையில் ரோஜா மாலை, கூடவே ஒரு புகைப்படக்காரர்.

"சனி கெடைச்சிருச்சாமே சார், ரொம்பச் சந்தோசம். ஃபாரின்காரக வர்றப்ப நம்ம முன்வாசல்ல சின்னதா ஒரு வழியனுப்பு வச்சுருவோம். தெரு நாய்க்கு வெளிநாட்டு யோகம்னு நீங்களும் நாலு வரி எழுதுனீகன்னா..."

நான் வாயைத் திறக்கும் முன் எதிர்வீட்டிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"மாலை மட்டுந்தேன் கொண்டாந்தீகளா? எல கொண்டாரலையா?"

புகைப்படக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரவணனுக்கு விளங்கியது. மாலையைக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போனார். ஆச்சி வந்து அதைக் கழற்றித் தன் வீட்டு ஆட்டுக்குப் போட்டார்.

ஹன்னாவுக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். அவள் ஓட்டல் அறையை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். வருகிற வியாழக்கிழமை இருவரும் நம் வீட்டில்தான் தங்குகிறார்கள். உன் அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். கண்மாய் நாய்களைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள். கூட்டிப்போவேன். அவர்கள் நம் ஊரின் முன்வாசலைப் பார்த்தாயிற்று.

நான் எழுதப் போவது அந்த நாலு வரி யோகச் செய்தியை இல்லை. இலை போட்டதை எழுதுவேன். பத்திரிகை ஆசிரியர் மறுத்தால், நீ வாசிக்கிற இந்தக் கடிதமே போதும். உன் தட்டைச் சனியோடு அனுப்பமாட்டேன், அதற்கு வேறு வாங்கிவிட்டேன். உன் தட்டு தினமும் கண்மாய்க்கரைக்குப் போகிறது. பழைய பெல்ட்டை இரண்டு கழுத்துகளிலிருந்து அறுத்து எடுத்துவிட்டேன். தட்டுச் சத்தத்துக்கு ஒரு நாயாவது வந்துகொண்டிருக்கிற வரைக்கும் போவேன், உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

நேற்று ஆச்சி வீட்டில் விசேஷம். சனி ஊருக்குப் போகிறதே என்று, இலையில் வடையும் பாயசமும் வைத்துக் கொண்டுவந்தார். இலையைக் கண்டதும் சனி உன் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. ஆச்சி இலையைக் கிழித்து எறிந்துவிட்டு, வடையைக் கையில் பிட்டுக் கொடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜெர்மனியில் யாரும் வாழை இலையில் சாப்பிடமாட்டார்கள் அக்கா. சனியை அனுப்புவதில் எனக்கு இருக்கிற ஒரே நிம்மதி அதுதான்.

உன் தம்பி,
உன் கிழமைகளுக்கெல்லாம் தாய்மாமன்,
ஆரோக்கியம்